ரெண்டு மிச்சம்

உக்காருங்க தம்பி, இடம் காலிதான். பையைச் சுவரோரமா வைங்க, இங்க வச்சா முத்தையா அண்ணன் சாம்பார் வாளிய அது மேலதான் இறக்குவாரு. நான் எதுவும் சாப்பிடல. சாப்பிடப் போறதும் இல்ல. சும்மா உக்காந்திருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டல்ல சும்மா உக்காந்திருக்கிற ஆளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இவங்களும் பாத்ததில்ல. முத்தையா அண்ணன் ரெண்டு தடவ வந்து என் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போயிட்டாரு, காய்ச்சலான்னு.

காய்ச்சல் இல்ல. இன்னிக்கு நான் பசியோட வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான் விஷயம். காலையில கிளம்பும்போது என் சம்சாரம் வாசல்ல நின்னு சொல்லிட்டா. "ஏங்க, இன்னிக்கு ராத்திரி பசியோட வாங்க. வந்து, பசியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, அப்புறம் இந்த ஜென்மத்துல உங்களுக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது." கோவமாச் சொல்லியிருந்தா பரவாயில்ல தம்பி. சிரிச்சுக்கிட்டே சொன்னா. அதான் பயமா இருக்கு.

பயமா இருந்தா நேரா வீட்டுக்குப் போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. போகத்தான் கிளம்பினேன். ஆபீஸ் வாசல்ல இந்தப் பக்கம் திரும்பினா வீடு, அந்தப் பக்கம் திரும்பினா ஓட்டல். பதினேழு வருஷமாத் திரும்பின கால், அது பாட்டுக்கு வந்துட்டு. சரி, வந்தது வந்தாச்சு, ஏழு மணிக்குத்தானே அவ தோசைக்கல்லைப் போடுவா, அது வரைக்கும் உக்காருவோம்னு உக்காந்திருக்கேன். வாசனைக்கு யாரும் பில் போடப் போறதில்ல.

நீங்க சொல்லுங்க, என்ன சாப்பிடப் போறீங்க? வாழைக்கா பஜ்ஜியா? நல்லது. ஆறு மணி பஜ்ஜிதான் பஜ்ஜி. அஞ்சு மணிக்கு எண்ணெய் சரியாக் காயாது, ஏழு மணிக்கு மாவு நீர்த்துப் போகும். ஆறேகால் ஈடு, நாலு பஜ்ஜி, தேங்காச் சட்னி. முத்தையாண்ணே, தம்பிக்கு ஒரு பிளேட்டு. எனக்கு வேண்டாம். அட, வேண்டாங்கேன்.

என் பேரு திரவியம். தீப்பெட்டி ஆபீசுல கணக்கு பாக்கேன், இருபத்தெட்டு வருஷமா. நான் இருக்கிற வரைக்கும் அந்த ஆபீசுல ஒரு குச்சி கணக்குல வராமப் போனதில்ல. இந்தக் கோவில்பட்டியில சிக்கனம்னா என்னன்னு யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் கை காட்டுவாங்க. கேட்டுப் பாருங்க. யாரையாவது.

நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கிடுங்க, உங்களுக்கும் நாளைக்கு உதவும். ஒரு குடும்பத்தோட நிர்வாகம் எப்படின்னு தெரியணும்னா பேங்க் பாஸ்புக்கைப் பாக்க வேண்டாம், அடுப்படியைப் பாத்தாப் போதும். வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல தேங்கா அரைச்ச குழம்பு வச்சா அந்த வீட்டுல வட்டி கட்டுறாங்கன்னு அர்த்தம். சாம்பார்ல பருப்புக்குள்ள கரண்டி நட்டுக்க நின்னா, நகை அடகுல இருக்கு. எண்ணெய்த் தூக்கு கைக்கெட்டுற உயரத்துல இருந்தா ஊதாரி. நாற்காலி போட்டு ஏறி எடுக்கிற உயரத்துல இருந்தா குடும்பம் விளங்கும். எங்க வீட்டுல எண்ணெய்த் தூக்கு பரண்ல இருந்துச்சு. என் சம்சாரம் ஒரு தடவ விழுந்து கணுக்கால் பிசகிருச்சு. அதுக்கப்புறம் ஒரு தட்டு கீழ இறக்கி வச்சேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல.

அவ பேரு பிரம்மசக்தி. பிரமு. உடன்குடிப் பக்கம் பொறந்தவ. அங்க தாளிக்கிறதுன்னா எண்ணெயில கடுகு நீச்சல் அடிக்கணும். கல்யாணமாகி மறுவீடு போனப்ப எங்க மாமியார் ஒரு அவியலுக்கு ஊத்தின எண்ணெயைப் பாத்து எனக்கு மயக்கமே வந்துட்டு. அவங்க மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கலைன்னு இளநி வெட்டினாங்க. அதையும் மனசுக்குள்ள கணக்குல எழுதிக்கிட்டேன்.

அதனால, குடித்தனம் வச்ச அன்னிக்கே பிரமுவை உக்கார வச்சு ரெண்டு சட்டம் போட்டேன். ஒண்ணு, மாசாமாசம் வீட்டுச் செலவுக்குப் பணம் தருவேன், மாசக் கடைசியில மிச்சம் காட்டணும். ரெண்டு, சாப்பாட்டுல மிச்சமே இருக்கக் கூடாது. ஒரு பருக்கை கூட. தலையை ஆட்டிக்கிட்டா. மாசம் முடிஞ்சுது. "எங்க பிரமு, மிச்சத்தைக் காட்டு"ன்னேன். உள்ள போனா. ஒரு கிண்ணத்துல அரைக் கிண்ணம் சுண்டக்கா வத்தக்குழம்பு கொண்டாந்து வச்சா. "இந்தாங்க, இதான் மிச்சம்"ன்னா.

சிரிக்காதீங்க தம்பி. எனக்கு அன்னிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடப்பாவமே, இப்படி வெகுளியா ஒரு பொண்ணைக் கட்டிட்டோமே, இவகிட்ட எப்படிக் குடும்பத்தை ஒப்படைக்கிறதுன்னு. பொறுமையா எடுத்துச் சொன்னேன். "பிரமு, மிச்சத்துல ரெண்டு மிச்சம் இருக்கு. காசு மிச்சம் இருக்கணும். சோறு மிச்சம் இருக்கக் கூடாது." "அப்படியா"ன்னா. கண்ணை அகல விரிச்சு, "ரெண்டுக்கும் ஒரே பேரா இருக்கே, நான் என்னத்தக் கண்டேன்"ன்னா. வெகுளி தம்பி. அவளுக்கு அந்த வெகுளித்தனம் எப்படி வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

இந்தா, பஜ்ஜி வந்துட்டு. சாப்பிடுங்க, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க. அது முனையில கொஞ்சம் கருகின மாதிரி இருக்கே, உங்க வயசுப் பிள்ளைங்க கருகினதைத் தின்னக் கூடாது. குடுங்க, அந்த முனையை மட்டும் நான் எடுத்துக்கிடுறேன். முனை ஒரு கணக்கா? ம். உப்பு சரியாத்தான் இருக்கு.

எங்க விட்டேன்? ஆங். எங்களுக்கு ஒரு பொண்ணு, கோமதி. அவ எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம்தான் எனக்கு ஆபீசுல வேலை கூடிப் போச்சு. சாயங்காலமானா தலை கிறுகிறுன்னு வரும். ஒரு வடை தின்னா நிக்கும். மருந்துதானே அது, செலவுல சேராது. அப்புறம் ஒரு வடை போதல, ரெண்டு வடை. வடைக்குத் துணையா ஒரு பஜ்ஜி. மழைக்காலத்துல புரோட்டா. இதெல்லாம் வீட்டுக் கணக்குல வராதுன்னு வச்சுக்கிடுங்க. ஏன்னா நான் இதை ஆபீசுலயும் சாப்பிடல, வீட்டுலயும் சாப்பிடல, நடுவுல சாப்பிட்டேன். ரெண்டு ஊருக்கு நடுவுல பொறம்போக்கு இருக்கில்ல, அது மாதிரி. எந்தப் பஞ்சாயத்துக்கும் சொந்தமில்ல.

ஆனா நான் நேர்மையான ஆளு. நோட்டுல எழுதாம விட்டதில்ல. என் கைச்செலவு நோட்டுல 'இதர'ன்னு ஒரு தலைப்பு போட்டேன். பஸ் கட்டணம், முடிவெட்டு, செருப்பு தைக்க, இதர. தினமும் இதர உண்டு. பஸ் எப்பவாவதுதான்.

இப்ப வீட்டுக்கு வந்தா, "ஏங்க, கையக் கழுவிட்டு வாங்க, தட்டு போட்டாச்சு"ம்பா. வயித்துல எங்க இடம்? பஜ்ஜின்னு சொல்ல முடியுமா? நானே சிக்கனம் சிக்கனம்னு உபதேசம் பண்ற ஆளு. அதனால, "பசியில்ல பிரமு. கணக்கு முடிக்கிற டென்ஷன். மூடி வை"ன்னுட்டுப் போயிருவேன். முதல்ல பதறிப் போனா. வயித்துல ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணி, சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் தட்டிப் போட்டுக் கசாயம் வச்சுத் தந்தா. மூணு மாசம் குடிச்சேன் தம்பி. புரோட்டாவுக்கு மேல ஓமக் கசாயம். சும்மா சொல்லக் கூடாது, நல்லா செரிச்சுது. மறுநாள் இன்னும் ரெண்டு சேத்துச் சாப்பிட முடிஞ்சுது.

இதுல ஒரு சிக்கல். எனக்குச் சுட்ட தோசை, எனக்கு வச்ச சோறு மறுநாள் காலையில அப்படியே இருக்கும். ஒரு நாள் கண்ணுல பட்டுட்டு. எனக்கு வந்ததே கோவம். "என்ன பிரமு இது? சாப்பாட்டுல மிச்சம் ஆகக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கேனா இல்லையா?" அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. "நீங்கதான் சாப்பிடலை"ன்னா. "நான் சாப்பிடறது சாப்பிடாதது வேற விஷயம். அளவா வைக்கணும். பொம்பளைக்கு அளவு தெரிய வேண்டாமா?" "அப்ப அளவா வச்சிரவா?" "வச்சிரு." "சரி"ன்னா. அந்தச் 'சரி'யை நான் அன்னிக்குச் சரியாக் கவனிச்சிருக்கணும். கவனிக்கல.

அன்னைல இருந்து எங்க வீட்டுல ஒரு பருக்கை வீணானதில்ல. நானும் தினம் வந்து, "பசியில்ல, மூடி வை"ம்பேன். அவளும் "சரிங்க"ன்னு, அடுப்படி மேடை ஓரத்துல இருக்கிற எவர்சில்வர் தூக்குச்சட்டிக்கு ஒரு மூடியைப் போட்டு மூடுவா. சத்தம் கேக்கும். காலையில அந்தச் சட்டி பளபளன்னு கழுவி இருக்கும். பழைய சோறாக்கி வெயிலுக்கு அவ குடிச்சிருப்பா, இல்ல மாட்டுக்காரம்மாவுக்குக் குடுத்திருப்பான்னு நினைச்சேன். எப்படியோ நிர்வாகம் வந்துட்டு, நம்ம பயிற்சி வீண் போகலைன்னு எனக்கு ஒரு பெருமை. ஆபீசுல கூட நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

நீங்க என்ன, ஒரு பஜ்ஜியைக் கையில வச்சுக்கிட்டு வாயைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. ஆறிப் போச்சுன்னா எண்ணெய் கீழ இறங்கி நெஞ்சைக் கரிக்கும். ஒண்ணை நான் எடுத்துக்கிடுறேன், உங்க உடம்புக்காகச் சொல்றேன். ஒண்ணுதான். ஒரு பஜ்ஜிக்குப் பசி அடங்காது, கிளறித்தான் விடும். பசியோட போறதுக்கு இது நல்லது.

அப்புறம் போன வருஷம் வந்துச்சு வினை. கோமதி இங்கயே பி.காம். முடிச்சா. நல்ல மார்க்கு. கோயம்புத்தூர்ல எம்.காம். சீட் கிடைச்சிருக்குன்னு ஒரு காயிதத்தைக் கொண்டு வந்து நீட்டினா. பீசும் ஹாஸ்டலும் சேத்து வருஷத்துக்கு லட்சத்துப் பத்தாயிரம். ரெண்டு வருஷம். முதல் வருஷப் பணத்தைத் திங்கக்கிழமைக்குள்ள கட்டணும்.

நான் சொன்னேன், "ஏம்மா, கோயம்புத்தூருங்கிறது தேங்கா அரைச்ச குழம்பு. நமக்கு ரசம் போதும். எங்க ஆபீசுல பில் போட ஆள் தேடுறாங்க, வந்து சேரு. அப்பாவும் பொண்ணும் சேந்தே போலாம், சேந்தே வரலாம்." சேந்தே வரலாம்னு வாய் சொல்லிட்டு. சொன்ன பிறகுதான் சாயங்கால விஷயம் ஞாபகம் வந்துச்சு. நல்லவேளை, அவ ஒத்துக்கல. அழுதா. எதிர்த்துப் பேசுற பிள்ளை இல்ல அது. சுவரப் பாத்து உக்காந்துக்கிட்டு சத்தமில்லாம அழுதுச்சு. ரெண்டு நாளாச் சாப்பிடல. எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு தம்பி, பொய் சொல்லக் கூடாது. ஆனா காசு எங்க இருக்கு? என் கையில ஒண்ணுமில்ல. சம்பளம் வருது, எப்படிப் போகுதுன்னே தெரியல.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. மாசாமாசம் வீட்டுச் செலவுக்குப் பணம் தரேனே, அதுல மிச்சம் எங்க? இருபத்திரண்டு வருஷமா நானும் கேக்கேன், அவளும் "பாப்போம், பாப்போம்"ங்கா. ஆக, என் பொண்ணு படிப்பு அடுப்படியில எரிஞ்சு போயிருக்கு. விட்டேனா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நோட்டும் பேனாவுமா அடுப்படிக்குள்ள நுழைஞ்சேன். தணிக்கை. பருப்பு டப்பாவைத் தொறந்து படி வச்சு அளந்தேன். கடுகை அளந்தேன். பெருங்காயத்தை மோந்து பாத்தேன். பிரமு ஓரமா நின்னு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. எல்லாம் சரியா இருந்துச்சு. எனக்கு எரிச்சல் கூடிப் போச்சு. அப்பத்தான் அந்தத் தூக்குச்சட்டி கண்ணுல பட்டுச்சு.

"இதுல என்ன இருக்கு?"ன்னேன். "உங்க சாப்பாடு. நேத்துப் பசியில்லைன்னீங்களே, மூடி வச்சேன்"ன்னா. "கண்டுபிடிச்சிட்டேன். இதுலதான் போகுது காசு. தினம் ஒரு ஆள் சாப்பாடு வீண். கோமதி, இங்க வா, வந்து உங்கம்மா லட்சணத்தைப் பாரு"ன்னு சொல்லி, ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சு மூடியைத் தொறந்தேன்.

உள்ள சோறு இல்ல. ஒரு துணிப் பொதி. பிரிச்சா போஸ்டாபீஸ் பாஸ்புக்கு. ரெண்டு லட்சத்துப் பதினோராயிரம்.

"என்ன பிரமு இது?"ன்னேன். "மிச்சம்"ன்னா.

அவ சொன்னதை அப்படியே சொல்றேன். "சாப்பாட்டுல மிச்சம் ஆகக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. அதனால உங்களுக்கு ராத்திரிக்குச் சமைக்கிறதை நிறுத்திட்டேன். காசுல மிச்சம் காட்டணும்னு நீங்க சொன்னீங்க. அதனால உங்க சாப்பாட்டுக் காசை மாசாமாசம் ஆர்.டி.யில போட்டேன். மூணு பேருக்குக் குடுத்தீங்க, ரெண்டு பேருக்குச் சமைச்சேன். ரெண்டும் நீங்க போட்ட சட்டம்தானே." நான் கேட்டேன், "பாஸ்புக்கை எதுக்குடி சட்டியில வச்சே? பீரோ இல்ல?" அதுக்கு அவ, "பீரோவை நீங்க மாசம் ஒரு தடவையாவது குடைவீங்க. இந்தச் சட்டிய நீங்க தொறக்கவே மாட்டீங்கன்னு தெரியும். இந்த வீட்டுலயே பத்திரமான இடம் இதான்"ன்னா.

பதினேழு வருஷம் தம்பி. நான் வயிறு முட்டத் தின்னுட்டு வந்து, பசியில்லைன்னு நடிச்சிருக்கேன். அவ வெறுஞ்சட்டிக்கு மூடி போட்டு, மூடி வச்ச மாதிரி நடிச்சிருக்கா. கேட்டேன், "அப்ப பஜ்ஜி விஷயம் உனக்கு எப்பத் தெரியும்?" "கசாயம் வச்சேன்ல, அது ரெண்டாவது நாளே தெரியும்"ன்னா. "தெரிஞ்சுமா மூணு மாசம் கசாயம் குடுத்தே?" "அது பஜ்ஜிக்குத்தான் குடுத்தேன்"ங்கா.

என் பொண்ணு இருக்கே, அது அழுத முகத்தோட சிரிக்க ஆரம்பிச்சிட்டு. சிரிச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பி.காம். படிச்ச பிள்ளை, என் கைச்செலவு நோட்டு பதினேழையும் பரண்ல இருந்து இறக்கி, இதரயை மட்டும் தனியாக் கூட்ட ஆரம்பிச்சிட்டா. "இதரன்னா என்னப்பா?"ன்னு கேட்டா. "இதரன்னா இதரதான்"ன்னேன். கூட்டிட்டு வந்து சொன்னா, அஞ்சு லட்சத்துச் சொச்சம். "இதுல நான் ரெண்டு எம்.காம். படிச்சிருக்கலாம்ப்பா"ன்னா. கூட்டல் தப்பா இருக்கும்னு நானே மறுபடி கூட்டினேன். கூட்டல் சரிதான். பார்வைதான் தப்பு.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. நான் வெளியில சாப்பிடலைன்னா அவளுக்கு மிச்சம் எங்க இருந்து வரும்? ஆக, அந்த ரெண்டு லட்சத்தையும் சம்பாதிச்சது யாரு? என் வயிறு. அஞ்சு லட்சம் போட்டேன், ரெண்டு லட்சம் வந்துச்சு. தொழில்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும். இதைச் சொன்னா வீட்டுல ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்காங்க. நீங்களும் தலையை ஆட்ட மாட்டேங்கீங்க. சரி விடுங்க, பஜ்ஜியைத் தள்ளுங்க இப்படி. நீங்க பேச்சு சுவாரசியத்துல சாப்பிட மறந்துட்டீங்க.

பணம் கட்டியாச்சு, பொண்ணு கோயம்புத்தூர் போயிட்டா. ஆனா ரெண்டு வருஷத்துக்குக் கணக்குப் பாத்தா ஒம்பதாயிரம் குறையுது. நான் அன்னிக்கு ராத்திரியே வெக்கப்பட்டுப் போய்ச் சொன்னேன், "பிரமு, இனிமே நான் வெளியில சாப்பிடல. வீட்டுலயே சாப்பிடுறேன்." அவ கணக்குப் போட்டுச் சொன்னா, "மாசம் ஆயிரம் கட்டுறேன். இன்னும் ஒம்பது மாசம் மட்டும் நீங்க பசியில்லாம இருந்துருங்க." போன்ல கோமதி, "அப்பா, பஜ்ஜியை நிறுத்தினாலே மூணு மாசத்துல அந்தக் காசு வந்துருமே"ங்கா. பச்சப்பிள்ளை. இதர ஒரு தலைப்பு, வீட்டுச் செலவு ஒரு தலைப்பு. ஒரு தலைப்புல இருந்து இன்னொரு தலைப்புக்கு மாத்தினா நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்? எம்.காம்.ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க போல.

அப்ப ஆரம்பிச்சுது தம்பி என் கஷ்டகாலம். காலையில கிளம்பும்போது, "ஏங்க, ஞாபகமா நல்லாச் சாப்பிட்டு வாங்க"ம்பா பிரமு. அந்த வார்த்தைக்கப்புறம் பஜ்ஜி இறங்குமா? ஒளிஞ்சு தின்னப்ப இருந்த ருசி உத்தரவு வாங்கித் தின்னா இல்ல. இங்க உக்காந்து மருந்து மாதிரி முழுங்கிட்டு வீட்டுக்குப் போவேன். அங்க அவ ஒத்தையில உக்காந்து தனக்கு மூணு தோசை ஊத்துவா. நல்லெண்ணெய் விட்டு, ஓரம் முறுகி வரும். வெங்காயச் சட்னி வதக்கின வாசம் வாசல் வரைக்கும் வரும். ஒரு நாள் பொறுக்க மாட்டாம, "எனக்கு ஒண்ணு"ன்னு கேட்டுட்டேன். "கோமதி பீஸ்"ன்னா. வந்து டிவியைப் போட்டேன்.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. இத்தனை வருஷத்துல ராத்திரி சாப்பிடும்போது அவ எப்படி உக்காருவா, எத்தனை சாப்பிடுவா, முதல் தோசையை யாருக்குப் போடுவா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அம்மாவும் பொண்ணும் தினம் ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டேதான் சாப்பிட்டிருக்காங்க. நான் உள்ரூமுல படுத்துக்கிட்டு, அப்பாடா, இன்னிக்கும் மாட்டிக்கலைன்னு நினைச்சிருக்கேன். கஷ்டமா இருந்துச்சு தம்பி. சிக்கனத்துல ஒண்ணைச் செலவழிக்காம விட்டுட்டேன், அது வட்டியோட வராது போல.

நேத்து ஒம்பதாவது மாசம் கட்டியாச்சு. அதான் இன்னிக்கு எனக்கு வீட்டுல சாப்பாடு. பதினேழு வருஷத்துல முதல் ராத்திரி. நேத்தே உளுந்து ஊறப் போட்டு அரைச்சு வச்சுட்டா. அதனாலதான் சொல்றேன், ஒரு வாய் கூட நான்...

முத்தையாண்ணே, தம்பி பிளேட்டு காலியாயிட்டே, இன்னொண்ணு வைங்க. வெங்காயப் பஜ்ஜியா வைங்க. இல்ல தம்பி, எனக்கில்ல, உங்களுக்குத்தான். நீங்க ஒண்ணு கூடச் சாப்பிட்ட மாதிரி தெரியலையே. ஒண்ணு சாப்பிட்டீங்களா? அப்ப மிச்சம் மூணு எங்க?

நானா?

இருக்காது. முனை ஒண்ணு எடுத்தேன், அப்புறம் ஒண்ணு. அப்புறம் பேசிக்கிட்டே... அடக்கடவுளே. இந்த வெங்காயப் பஜ்ஜி எப்ப வந்துச்சு? இதுல ஏன் ரெண்டுதான் இருக்கு? கையில எதுக்கு எனக்குச் சட்னி? தம்பி, நீங்களாவது கையைப் பிடிச்சிருக்கக் கூடாதா? வெளியூர்க்காரங்களை நம்பி ஒரு இடத்துல உக்கார முடியல.

இருங்க, போன் அடிக்குது. அவதான். பேசாதீங்க, பின்னால ஓட்டல் சத்தம் கேக்கக் கூடாது. முத்தையாண்ணே, அந்த வாளியைக் கொஞ்சம் மெதுவா.

ஆங், பிரமு, சொல்லு. ஆபீசுல. இல்ல, கிளம்பிட்டேன். வாசல்ல நிக்கேன். வாயிலயா? வாயில ஒண்ணும் இல்லையே. ம். ம். என்னது? சரியாக் கேக்கல, மறுபடி சொல்லு.

...

வச்சிட்டா தம்பி. கல்லைப் போட்டாச்சாம். "உங்களுக்கு எத்தனை ஊத்தட்டும்?"ன்னு கேக்கா. விருந்தாளிகிட்டக் கேக்கிற மாதிரி. என் பொண்டாட்டிக்கு இப்ப நான் எத்தனை தோசை தின்பேன்னு தெரியாது. எனக்கும் தெரியாது. பதினேழு வருஷமா யாரும் கேட்டதில்ல, யாருக்கும் சொன்னதில்ல. கேட்ட உடனே, அஞ்சுன்னுட்டேன். அஞ்சு தோசை. "அஞ்சா?"ன்னு கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருஷமாச்சு.

கொஞ்சம் இப்படிப் பாருங்க. மீசையில மாவு ஒட்டியிருக்கா? இந்தப் பக்கம்? இப்ப ஊதுறேன், வெங்காய வாசம் வருதான்னு சொல்லுங்க. வருதா? ரொம்பவா? சரி, அந்தச் சோம்புத் தட்டை எடுங்க.

பில்லு உங்க பக்கமாவே இருக்கட்டும் தம்பி. வந்தது உங்க பிளேட்டுக்குத்தானே, அது என் கணக்குல வராது. நான் கதிரேசன் மலையை வேகமா ஒரு சுத்து சுத்திட்டுப் போறேன். முக்கால் மணி நேரம் நடந்தா ரெண்டு தோசைக்கு இடம் வரும். மத்த மூணையும் எப்படியாவது உள்ள தள்ளிருவேன். என் வயிறு எனக்குத் தெரியும். வெடிச்சாலும் வெடிக்கட்டும், பசிக்குதுன்னு சொல்லிட்டுத்தான் உக்காருவேன்.